லாட்டரிக் கேள்வி

"டீச்சர், எனக்கு லாட்டரி விழுந்துடுச்சு" என்று தோணிக்காரர் சொன்னபோது அவள் காபி இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பால் கேட்டால் வெந்நீர் கொடுக்கும், வெந்நீர் கேட்டால் சும்மா உறுமும் இயந்திரம் அது. கோப்பையை அதன் வாயடியில் பிடித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்படியா? எந்தக் கம்பெனி?" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. "மதிப்பீடு நடக்கிற நேரமாப் பாத்துக் கிளம்பறீங்களே அண்ணா, நல்லாருக்கா இது? கழுத்தறுக்கறதுக்கு உங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா?"

லாட்டரி என்றால் அந்த அலுவலகத்தில் பரிசுச்சீட்டு இல்லை. மென்பொருள் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். வேகமாக இருக்கிறதா, பாதுகாப்பாக இருக்கிறதா, புதிதாக வருகிறவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்களா, வாங்குவது நல்லதா நாமே செய்துகொள்வது நல்லதா என்று பெண் பார்ப்பதைவிட அதிகமாகத் துருவுவார்கள். கடைசியில் ஒரு கேள்வி வரும். இதை முழுதாகத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒரே ஒருவர் என்றால், நாளைக்கே அவர் பஸ்ஸில் அடிபட்டுப் போனால் யார் பார்த்துக்கொள்வது? தொழில் முழுக்க இதற்குப் பஸ் கேள்வி என்றுதான் பெயர். தோணிக்காரருக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. வருஷங்களுக்கு முன்னால் ஒரு கூட்டத்தில், "ஏங்க, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கற ஆளை எதுக்கு பஸ்ல விட்டு ஏத்தறீங்க? லாட்டரி விழுந்து சந்தோஷமா வேலையை விட்டுட்டுப் போயிட்டான்னு வெச்சுக்குங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அங்கே அது லாட்டரிக் கேள்வி. யாராவது வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போனாலும் "அவருக்கு லாட்டரி விழுந்துடுச்சு" என்பார்கள்.

அதனால்தான் அவள் அப்படிக் கேட்டாள்.

"கம்பெனி இல்ல டீச்சர். கணையம்" என்றார் அவர்.

அவளுக்கு அது ஏறவில்லை. இப்போதெல்லாம் கம்பெனிகளுக்கு வாயில் நுழையாத பெயர்களாக வைக்கிறார்கள். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்து, "புதுசா ஆரம்பிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். பிறகு எத்தனையோ நாள் பல் துலக்கும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் அந்தக் கேள்வி திரும்ப வந்து அவளைக் கூனிக் குறுக வைத்தது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டையின் மேல், விலாவுக்குக் கொஞ்சம் கீழே, கையை வைத்துக் காட்டினார். அப்போதுதான் அவள் திரும்பினாள். அவருடைய சட்டை காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. நாலைந்து வாரமாக எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தும் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ஆபரேஷன்?"

"அதெல்லாம் தாண்டிப் போயிடுச்சாம்."

"அண்ணிக்கு?"

"இன்னும் சொல்லல. பெரியவளுக்குப் பரீட்சை முடியட்டும். இங்கயும் யாருக்கும் தெரிய வேண்டாம். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லலைன்னா வெடிச்சுடும் போல இருந்துச்சு."

இயந்திரம் அந்த நேரம் பார்த்துப் பாலைக் கொட்டியது. கோப்பை நிரம்பி அவள் விரல்மேல் வழிந்தது. அவர்தான் கோப்பையை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, காகிதத் துண்டை உருவிக் கொடுத்தார்.

தோணி என்பது அவர் செய்த கருவி. புரோகிராமர்கள் எழுதுவது அவர்கள் கம்ப்யூட்டரிலேயே கிடந்தால் யாருக்கு லாபம்? சோதனைக் குழு பார்த்து, சரி என்று சொன்ன பிறகு, ஒன்றும் சிந்தாமல் சிதறாமல் வாடிக்கையாளரிடம் போய்ச் சேரவேண்டும். இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுபோகிற வேலை. கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில், கடையில் விற்கிற கருவிகளை வாங்க வக்கில்லாமல், அவர் உட்கார்ந்து எழுதியது அது. வேலை முடிந்தால் "கரை சேர்ந்தாச்சு" என்று திரையில் காட்டும். பாதியில் சிக்கிக்கொண்டால் "நடு ஆத்துல நிக்குது, யாராவது வாங்க" என்று காட்டும். மற்ற கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள் முதலில் கேலி செய்வார்கள், ரெண்டு மாதத்தில் அவர்களும் "தோணில ஏத்தியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும் என்ற அளவுக்கு அவர் தோணிக்காரர் ஆகிப்போனார்.

அவள் டீச்சர் ஆனதும் தொழிலால்தான். எந்தக் கருவி வந்தாலும் ஓட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்து, ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவள் வேலை. விற்க வருகிறவர்கள் அவளைக் கண்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒருமுறை அவர்கள் எல்லோருக்கும் தோள்பை கொடுத்தபோது, வாங்காமல் திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் அவள்தான். "மார்க் போடற வரைக்கும் தண்ணிகூட வாங்கிக் குடிக்காது இந்த அம்மா" என்று தோணிக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவளும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. முதலில் மரியாதைக்குச் சொன்ன அண்ணா, எப்போது நிஜ அண்ணா ஆனார் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவளுடைய மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பயத்தை மறைக்க ஓயாமல் ஜோக்கடித்தது அவர்தான்.

இப்போது தோணியையே மதிப்பிடும்படி ஆகிவிட்டது. கம்பெனி பெரிதாகிவிட்டது, கிளைகள் வந்துவிட்டன. தோணி மூச்சு வாங்குகிறது என்று மேலாளர் சொன்னார். வெளியே ஒரு கருவி நன்றாக இருக்கிறதாம், இரண்டையும் ஒப்பிட்டு எது என்று சொல்லச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் மார்க். கேள்வியின் முக்கியத்துவத்துக்குத் தகுந்தபடி எடை. முன்பு ஒரு தடவை, எல்லாம் தெரிந்த ஒருவர் வேலையை விட்டுப்போய் மேலாளர் தெருவில் நிற்காத குறையாக அல்லாடியிருந்தார். அதனால் லாட்டரிக் கேள்விக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக எடை வைத்தார்.

அந்தக் கேள்விக்குத் தோணிக்கு என்ன மார்க் போடுவது என்று அவளும் அவரும் போன வாரம்தான் காய்கறிக் கடையில் பேரம் பேசுவதுபோலப் பேசினார்கள். அவர் நாலு என்றார், அவள் ரெண்டு என்றாள். "உனக்கே பாதி தெரியும். சோதனைக் குழுவுக்குக் கால்வாசி தெரியும். கூட்டிப் பாரு" என்றார். "தெரியாத கால்வாசிலதான் அண்ணா எல்லா வம்பும் இருக்கு" என்றாள். கடைசியில் மூன்று என்று முடிந்தது. அந்த மூன்றோடு தோணி ஒரு நூலிழை முன்னால் நின்றது. அட்டவணை எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்ததால், எல்லோரும் பார்த்தார்கள். தோணிக்காரர் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே நடந்தார். விசிலடிக்கும்போதே அவருக்கு ஸ்கேன் முடிவு தெரிந்திருந்தது என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவனும் மகனும் கடைக்குப் போயிருந்தபோது, அவள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி நேரானது. நாளைக்கு அவர் இல்லை என்றால்? முன்பு அது விளையாட்டு. இப்போது பதில் தெரியும். தெரிந்த பிறகு மூன்று என்று விட்டுவைப்பது பொய் மார்க். பொய் மார்க் போடுகிற டீச்சர் அவள் இல்லை.

ஆனால் உண்மையில் அவளை அரித்தது நேர்மை இல்லை. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது பழுதானால், பழைய புரோகிராமைத் திறந்து படிக்கிறவன் முதலில் செய்வது எழுதியவனைத் திட்டுவதுதான். "எந்தப் புண்ணியவான் எழுதினான் இதை?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் பெயரைத் தேடுவான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயரைக் காட்ட ஒரு கட்டளை இருக்கிறது. அதற்குத் தொழில் வைத்திருக்கும் பெயரே 'பழி'. வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் அந்த அலுவலகத்தில் தினமும் அப்படி அடிபட்டன. அவளும் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள். தோணி தேர்வாகிவிட்டால் இன்னும் ஐந்தாறு வருஷம் ஓடும். அவர் போய்விடுவார். ஏதோ ஒரு நாள் அது நடு ஆற்றில் நிற்கும். அவரைப் பார்த்தேயிராத பிள்ளைகள், வாடிக்கையாளர் காதில் கத்த, தலையைப் பிய்த்துக்கொண்டு அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். அதை அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்கவேண்டும்.  தோணி இப்போதே, அவர் இருக்கும்போதே, மரியாதையாகக் கரை ஒதுங்கிவிட்டால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. நல்லது என்று நம்பித்தான் செய்தாள். மூன்றை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டாள். கீழே கூட்டுத்தொகை தானாக மாறியது. வெளிக் கருவி முன்னால் வந்து நின்றது.

அவரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். அதற்குள் மகன் வந்து கதவைத் தட்டினான்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். மேலாளர், மற்ற குழுக்களின் ஆட்கள், சோதனைக் குழுவின் தலைவி. தலைவியை எல்லோரும் 'சோதனை' என்றே கூப்பிடுவார்கள், அந்தப் பெயர் அவளுக்கு அவ்வளவு பொருத்தம். மனதில் பட்டதைச் சபையில் கேட்டுவிடுவாள், பிறகு அதற்காக வருத்தமும் படமாட்டாள். தோணிமேல் உயிர் அவளுக்கு. சுவரில் அட்டவணை விரிந்தது. டீச்சர் ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். லாட்டரிக் கேள்வி வந்ததும் குரலை ஏற்றாமல் இறக்காமல் "ஒன்னு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"இரு இரு" என்றாள் சோதனை. "போன வாரம் மூணுன்னு பாத்தேனே. நடுவுல என்ன ஆச்சு?"

 மேலாளரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஆமா, இதனாலதானே ரிசல்ட்டே மாறுது. ஒரே வாரத்துல எப்படி ரெண்டு மார்க் குறையும்? காரணம் எழுதணுமே" என்றார்.

 காரணம் அந்த அறையிலேயே, ஜன்னல் பக்கத்து நாற்காலியில், காலர் விலகிய சட்டையோடு உட்கார்ந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அவர் திரையைப் பார்ப்பதும், மூன்று இருந்த இடத்தில் ஒன்று இருப்பதை இப்போதுதான் முதல்முறையாகக் காண்பதும் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மார்க்குக்குக் காரணம் கேட்டு அவள் வாயடைத்து நின்றதில்லை. அன்று நின்றாள்.

"நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றார் தோணிக்காரர்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கே இப்பல்லாம் பாதி மறந்து போகுது. திறந்து பாத்தா, இதை நானா எழுதினேன்னு இருக்கு. நாளைக்கு எனக்கு லாட்டரி விழுந்துட்டா நீங்கதானே திண்டாடணும்?"

"சீட்டு கீட்டு வாங்கி வெச்சிருக்கீங்களா என்ன?" என்று மேலாளர் சிரித்தார்.

"நான் எங்க வாங்கினேன்? தானா வருது சார்" என்றார் அவர். அறை முழுக்கச் சிரிப்பு. சோதனைகூட, தோற்ற எரிச்சலை மறந்து, மேஜையைத் தட்டிச் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். டீச்சர் மட்டும் தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மேலாளர் காரணத்தை இரண்டு வரியில் எழுதிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்.

அவர் லிஃப்டுக்குப் போகாமல் படிக்கட்டில் இறங்கினார். அவள் பின்னாலேயே ஓடினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், தீயணைப்புச் சாதனம் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம், அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். அவளுக்காக நிற்கிறார் என்று நினைத்தாள். மூச்சு வாங்குவதற்காக நின்றிருக்கிறார்.

"அண்ணா."

"மூணுன்னு ரெண்டு பேரும் சேர்ந்துதானே போட்டோம்?"

"எனக்குத் தெரிஞ்சதுக்கு அப்புறமும் அதை எப்படி அண்ணா நான்..."

"மார்க் போடறதுக்காகவா அதை உன்கிட்ட சொன்னேன்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வலிக்கிற ஒருவர் வலி தெரியாமல் பேசப் பார்க்கும் குரல் அது. அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நினைத்ததையெல்லாம் கோர்வையில்லாமல் கொட்டினாள். "நீங்க போன அப்புறம் இந்தப் பசங்க உங்களைத் திட்டுவாங்க. என்னால அதைக் கேட்டுக்கிட்டு உக்கார முடியாது. உங்களை ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னுதான்..."

"திட்டட்டுமே" என்றார் அவர். "திட்டினாலாவது பேரைச் சொல்லுவாங்கல்ல?"

அவள் ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

"நான் இருக்கற வரைக்குமாவது அது ஓடும்னு நெனச்சேன்" என்றார். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார். "சரி, பரவால்ல. வேலையைப் பாப்போம் மேடம்."

அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாசலில் நிற்கும் காவலாளி கூப்பிடுகிற வார்த்தை. விற்க வருகிறவர்கள் கூப்பிடுகிற வார்த்தை. அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. தோணியிலிருந்து புதுக் கருவிக்கு மாறுகிற வேலையில் அவளுக்கு என்ன வேண்டுமோ எல்லாம் செய்து கொடுத்தார். கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார், கேட்காததையும் எழுதி வைத்தார். "இந்தப் பகுதியைக் கடைசியா மாத்துங்க மேடம்." "இது முடிஞ்சுது மேடம்." பன்மைக்கும் மாறிவிட்டார். அவள் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "ஒரு தடவை டீச்சர்னு கூப்பிடுங்க அண்ணா" என்று கேட்டே விட்டாள். அவர் புன்னகைத்துவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பினார். மனிதர் பழிவாங்குகிற ரகம் இல்லை. அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

மகளுக்குப் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. செய்தி பரவியது. சோதனை டீச்சர் இடத்துக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தானா வருதுன்னு சொன்னாரே, நான் மேஜையைத் தட்டிச் சிரிச்சேனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொல்கிற இடத்தில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் தெரிந்து ஊமையாக இருப்பதைப்போல ஒரு தண்டனை இல்லை.

அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனாள். முதல் முறை அண்ணி கதவைத் திறந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அறையில் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். "இப்பத்தான் தூங்கினார்" என்றாள் அண்ணி. அவருடைய இமைக்குள் விழிகள் அசைவதை டீச்சர் பார்த்தாள். கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். இரண்டாவது முறை போனபோது நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். "உன்னைப் பத்தி அவ்வளவு பேசுவாரே, இப்பக் கொஞ்ச நாளா யாரைப் பத்தியும் பேசறதில்ல. வலி அப்படி" என்று அண்ணி வாசல்வரை வந்து சொன்னாள். சரி அண்ணி, சரி அண்ணி என்று தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள். இடதுகால் செருப்பை வலதுகாலில் மாட்டியிருந்தது தெரு முனையில்தான் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் கடைசிக் குழுவும் தோணியைவிட்டு மாறியது. மாற்றி வைத்தது அவள்தான். தோணி போனாலும், அதற்காக அவர் எழுதியிருந்த சில புரோகிராம்கள் புதுக் கருவிக்கும் தேவைப்பட்டன. புரோகிராம்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. யார் எப்போது எதை எழுதினார்கள் என்ற பழங்கதையோடு சேர்த்துக் கொண்டுபோவது ஒன்று. அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிடுவது இன்னொன்று. மேலாளர் கழுத்தில் கத்தி வைத்ததுபோல அவசரப்படுத்தினார். அவளுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை, அந்த வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. எந்த வழியில் எடுத்தோம் என்றுகூடப் பிறகு அவளுக்கு நினைவில்லை. தோணி கடைசியாக ஒரு முறை "கரை சேர்ந்தாச்சு" என்று காட்டியது. மேலாளர் கேக் வரவழைத்தார். யாரோ தோணிக்காரருக்கு வீடியோவில் அழைத்துப் பார்த்தார்கள். போன் எடுக்கப்படவில்லை. அதற்கு அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். தோணி அவருக்கு முன்னாலேயே போய்விட்டது.

வருஷம் ஒன்று போயிற்று. புதுக் கருவி பழகிவிட்டது. அது வேலை முடிந்தால் ஒரு பச்சை டிக்கைக் காட்டும், முடியாவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி. தோணி என்ற சொல்லையே புதிதாக வந்தவர்கள் கேட்டதில்லை. அந்த அலுவலகத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், மீசை வைத்த ஆளானாலும், முதல் கொஞ்ச காலம் 'புதுப்பொண்ணு'தான். இப்போதைய புதுப்பொண்ணு நிஜமாகவே பெண். நெட்டையான, சத்தமாகப் பேசுகிற, தலையில் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பதால் தன் சத்தம் தனக்கே தெரியாத பெண்.

ஒரு நாள் காலை, மூன்று மேஜை தள்ளியிருந்து அவள் குரல் வந்தது. "எந்தப் புண்ணியவான்டா எழுதினான் இதை? ஒரு நிமிஷம் சும்மா காத்திருக்கணுமாம். எதுக்குக் காத்திருக்கணும்? இவன் தாத்தா வருவாரா?" பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசைப்பலகை நாலு தட்டுத் தட்டியது. அப்புறம் நாற்காலி நகர்ந்தது. புதுப்பொண்ணு ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"சாரி மேடம். நீங்கன்னு தெரியாமத் திட்டிட்டேன்."

"என்னையா? நான் எதை எழுதினேன்?"

"அந்த ஒரு நிமிஷம் காத்திருக்கற வரி மேடம். தொடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்கன்னு மேல எழுதியிருக்கீங்க. அதான் கேக்க வந்தேன்."

டீச்சர் எழுந்து அவளோடு போனாள். திரையில் புரோகிராம் விரிந்திருந்தது. அந்த வரிக்கு மேலே, தமிழில்: இதைத் தொடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும். புரோகிராமுக்கு நடுவே தமிழில் குறிப்பு எழுதுகிற ஆள் அந்தக் கம்பெனியில் ஒருவர்தான் இருந்தார். ஆனால் 'பழி' கட்டளை பக்கத்தில் காட்டிய பெயர் அவளுடையது. அவள் மவுசை வாங்கி மேலே உருட்டினாள். கீழே உருட்டினாள். வரி வரியாக, பக்கம் பக்கமாக, அவர் எழுதியது எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அவள் பெயர்தான் இருந்தது. அன்றைக்கு அவசரத்தில் நகல் எடுத்துப் போட்டிருக்கிறோம், நகல் எடுத்தவள் பெயரே எழுதியவள் பெயராக விழுந்திருக்கிறது என்பது இப்போது தெரிந்தது. பழையதைத் தேடலாம் என்றால் தோணி இருந்த கம்ப்யூட்டரைத் துடைத்து எப்போதோ வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் அவர் பெயரை அழித்தது அவள் கைதான்.

"எதுக்கு மேடம் இந்த ஒரு நிமிஷம்?" என்று கேட்டாள் புதுப்பொண்ணு.

டீச்சர் அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். பாதி தெரியும் என்று அவர் சொன்னாரே, அந்தப் பாதியில் இது இல்லை. "தெரியல" என்றாள்.

"அப்ப யாரைக் கேக்கறது?"

லாட்டரிக் கேள்விக்கு அவள் போட்ட மார்க் சரியானது. அவள் வாழ்க்கையில் போட்டதிலேயே சரியான மார்க் அதுதான்.  பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதுப்பொண்ணு பயந்துபோய், தன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதை எடுத்துடவா மேடம்? எடுத்துட்டுப் பாப்போமா?"

"எடுக்காதே. முதல்ல என்னன்னு திட்டினே?"

"ஐயோ, சாரி மேடம், சும்மா வாய்க்கு வந்ததை..."

"கோபம் இல்லம்மா. சொல்லு."

பெண் குழப்பத்தோடு அவளைப் பார்த்தாள். பிறகு, சொல்லாமல் விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று, தரையைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்: "எந்தப் புண்ணியவான் எழுதினான்னு கேட்டேன்."

டீச்சர் அவர் பெயரைச் சொன்னாள். தோணிக்காரர் என்று சொல்லவில்லை. சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரிந்த அந்த முழுப் பெயரை, அப்பாவின் இனிஷியலோடு சேர்த்துச் சொன்னாள். அந்த அலுவலகத்தில் அதை யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் காதுக்கே அது வேறு யாரோ ஒருவருடைய பெயராகக் கேட்டது.

புதுப்பொண்ணு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கர்சரை அந்த வரிக்கு மேலே, 'என்னிடம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அந்தப் பேருக்கு எழுத்து சொல்லுங்க மேடம். ஒவ்வொன்னா."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் எழுத்தைச் சொன்னாள். அது திரையில் வந்து நின்றது. பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.